வால் கொக்கி எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு விமான அருங்காட்சியகத்தில் டி-2 பக்ஐ என்ற பழைய கடற்படைப் பயிற்சி ஜெட்டைப் பார்த்தேன். வாலுக்கடியில் ஒரு கொக்கி இருந்ததே, எதற்கு?

பதில்: அந்த விமானத்தின் பிழைப்பே அந்தக் கொக்கிதான்! இது விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கிய விமானம், அங்கே ஓடுபாதை ரொம்பக் குட்டை. அதனால் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகு வடத்தை இது கவ்விப் பிடித்து, சில நொடிகளில் விமானத்தை நிறுத்திவிடும். கவ்வத் தவறினால்? உடனே மேலே எழும்ப வேண்டும், அதற்காகவே சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி இன்ஜினை முழு வேகத்துக்கு முடுக்குவார். பயிற்சி மாணவருக்கும் அதே விதிதான். இந்த விமானம் 1958இல் முதலில் பறந்தபோது ஒரே இன்ஜின், அப்புறம் இரண்டாக்கினார்கள். ஆள் கொஞ்சம் குண்டுதான், அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர்களின் முரட்டுத்தனமான இறக்கத்தையெல்லாம் தாங்கியிருக்கிறது.