மகள் நெல் ஆராய்ச்சி படிக்கட்டுமே

பட்டர்வொர்த் அம்மாவுக்கு, வணக்கம்.

ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியலில் நல்ல புள்ளி எடுத்த பெண், மருத்துவம் வேண்டாம், நெல் ரகம் உருவாக்கப் படிக்கிறேன் என்றால் வீட்டில் பதற்றம் வரத்தான் செய்யும். 'வயல் வேலைக்கா இவ்வளவு டியூஷன்?' என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் நினைக்கும் வேலை அல்ல இது.

சாதாரண நெற்பயிர் வெள்ளத்தில் முழுக மூழ்கினால், தண்ணீருக்கு மேலே வர அவசரமாக நீண்டு சத்தையெல்லாம் தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் சாய்ந்து செத்துப்போகும். ஒடிசாவின் பழைய நெல்லில் இருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம், வளர்ச்சியை அடக்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் போலத் தாங்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். ஆனால் எஃப்ஆர்13ஏ நல்ல மகசூல் தராது. அதனால் அந்தக் குணத்தை மட்டும், விவசாயிகள் விரும்பிப் பயிரிடும் ஸ்வர்ணா ரகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் கலப்பு செய்து, பிறந்த நாற்றுகளை மறுபடி மறுபடி ஸ்வர்ணாவோடு சேர்ப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இலைத் துணுக்கில் டிஎன்ஏ எடுத்து, அந்த மரபணு இருப்பதைக் காட்டும் அடையாளத்தைப் பார்த்து, வேண்டிய நாற்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றையும் மூழ்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி உருவான ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது. நீங்கள் பயப்படும் மரபணு மாற்றப் பயிர் அல்ல இது; நெல்லோடு நெல்லைச் சேர்ப்பதுதான். நம் நாட்டிலும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் இதே முறையில் நெல்லைத் தாக்கும் குலை நோய் என்ற பூஞ்சை நோயைத் தாங்கும் புத்ரா-1 ரகத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் பட்டத்தோடு ரகம் உருவாக்கும் ஆராய்ச்சியாளர் ஆவது கடினம். முதுகலை, முடிந்தால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அந்தப் பதவிகளும் அதிகமில்லை. ஆனால் டிஎன்ஏ ஆய்வகப் பயிற்சி நெல்லோடு நின்றுவிடாது. செம்பனை, விதை, உணவுப் பரிசோதனை என்று மற்ற துறைகளிலும் அதற்கு மதிப்பு உண்டு. இன்னொன்று, புள்ளியியலில் அவள் பலவீனமாக இருந்தால் இப்போதே கவனிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில், செர்டாங்கில் உள்ள அதே புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் விவசாய அறிவியலை முதல் தேர்வாகப் போடட்டும். அப்புறம், செபராங் பிறையில் மார்டி என்ற விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. அனுமதி கேட்டு ஒரு நாள் அவளை அழைத்துப் போங்கள். அப்பாவும் கூட வரட்டும்.