மாமா சொன்ன படிப்பும் முத்தையன்கட்டு வயலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒட்டுசுட்டான். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவையும் எழுதிவிட்டேன். இரண்டு பி, ஒரு சி. மிருக வைத்தியத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. அமெரிக்காவில் இருக்கும் மாமா, அங்கே வெட்னரி டெக்னீஷியன், அதாவது மிருக வைத்தியருக்குத் துணையாக வேலை செய்பவர், என்று இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, முடித்தால் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் சம்பளம் என்கிறார். கல்லூரிக்கு வருடம் 18,000 டொலர், இருக்கச் சாப்பிட 14,000 டொலர் என்று கணக்கும் அனுப்பியிருக்கிறார். பாதியை அவர் போடுவாராம். மற்றப் பாதிக்கு முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இருக்கும் மூன்று ஏக்கர் வயலை விற்று, மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்கலாம் என்று அம்மா சொல்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் இருக்கிறார். எனக்கு மாடு, ஆடு என்றால் உயிர். போகலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

மாமா உன் நன்மைக்குத்தான் சொல்கிறார். அவர் சொன்ன சம்பளமும் பொய்யில்லை. அமெரிக்க அரசின் தொழில் புள்ளிவிபரப்படி, 2023 மே மாதத்தில் இந்த வேலை செய்பவர்களின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 43,740 டொலர். அதாவது பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் கூடவும் வாங்குகிறார்கள். டொலரை 300 ரூபாயாக எடுத்துப் பெருக்கினால் ஒரு கோடி 31 இலட்சம். ஆனால் அங்கே சம்பாதிப்பதை அங்கேதான் செலவழிக்க வேண்டும். வாடகையும் டொலரில்தான், பாணும் டொலரில்தான். அதனால் ரூபாயை விட்டுவிட்டு டொலரிலேயே கணக்குப் பார்ப்போம்.

மாமாவின் கணக்குப்படி இரண்டு வருடத்துக்குச் செலவு 64,000 டொலர். மாதச் சம்பளம் 3,645 டொலர். புதிதாகச் சேர்பவருக்கு அதிலும் குறையும். இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்வோம். வரி, வாடகை, கார், சாப்பாடு எல்லாம் போக மாதம் 700 டொலர் மிச்சம் பிடிக்கிறாய் என்று வை. போட்ட முதல் திரும்ப ஏழரை வருடத்துக்கு மேல் எடுக்கும். வங்கி வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. மாமா போடும் பாதியை ஒதுக்கிவிட்டுப் பார்க்காதே. அவர் கேட்காவிட்டாலும் அது நீ திருப்பிக் கொடுக்க வேண்டிய காசுதான்.

சரி, ஏழரை வருடம் உழைத்துக் கட்டலாம் என்று நீ நினைக்கலாம். எனக்குப் பயம் அந்த இடத்தில்தான். மாணவர் விசாவில் போகிறவர் முதல் வருடம் கல்லூரிக்கு வெளியே வேலை செய்ய முடியாது. உள்ளே செய்வதும் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான். படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலைக்கு 12 மாதம் அனுமதி கிடைக்கும். அதற்குப் பிறகு தங்க வேலை விசா வேண்டும். எல்லோரும் சொல்லும் எச்-1பி, குறைந்தது நான்கு வருடப் பட்டம் தேவைப்படும் வேலைகளுக்கானது. இதுவோ இரண்டு வருடப் படிப்போடு செய்யும் வேலை. அதற்கு அந்த விசா எடுப்பது மிகக் கடினம். ஏழரை வருடத்தில் கட்ட வேண்டிய கடனுக்கு உன் கையில் நிச்சயமாக இருப்பது ஒரே ஒரு வருடம். நான்கு வருடப் பட்டமாகவே படித்தால் என்ன என்று கேட்பாய். செலவு இரட்டிக்கும். மேலே சொன்ன 43,740 டொலர் நான்கு வருடம் படித்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டதுதான்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே பிடிப்பது, மயக்க மருந்து கொடுத்த பிராணியைக் கண்காணிப்பது, பல் சுத்தம் செய்வது எல்லாம் அவர்கள் செய்வார்கள். நல்ல, மரியாதையான தொழில். ஆனால் நோயை நிர்ணயிப்பதும், மருந்து எழுதுவதும், சத்திரசிகிச்சை செய்வதும் வைத்தியருக்கு மட்டும் உரியவை. அதே 2023 இல் அங்கே மிருக வைத்தியரின் இடைநிலைச் சம்பளம் 1,19,100 டொலர். அதோடு அங்கே பெரும்பாலும் நாயும் பூனையும்தான். நீ உயிர் என்று எழுதியது மாட்டையும் ஆட்டையும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரை நீ மறந்திருக்க மாட்டாய். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் விறைத்துச் செத்தன. நெடுங்கேணியில் என் பெரியம்மாவின் பட்டியில் விடியும்போது 11 மாடுகள் எழும்பவில்லை. நனைந்த மோட்டார்சைக்கிளில் முதலில் வந்து இறங்கியவர் ஒரு கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். செத்ததை எண்ணுவதற்கு முன் மிஞ்சிய கன்றுகளைச் சாக்கால் போர்த்தச் சொன்னார், தீ மூட்டச் சொன்னார். பெரியம்மா இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைப்பார். கால் வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போடுவது, சினை ஊசி போடுவது, பட்டிக்காரருக்குத் தீவனம் பற்றிச் சொல்லிக் கொடுப்பது என்று வன்னியில் ஊர் ஊராக அலைபவர்கள் இவர்கள்தான். நீ கடல் தாண்டித் தேடும் வேலைக்கு இங்கே மிகக் கிட்டியது இது.

அதற்கான படிப்பு குண்டசாலையில் இருக்கும் கால்நடை வளர்ப்புப் பாடசாலையின் இரண்டு வருட டிப்ளோமா. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் விண்ணப்பம் கோரும்போது தவறவிடாதே. சம்பளம் அமெரிக்கச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனால் வயலை விற்கத் தேவையில்லை. பல்கலைக்கழகம்தான் வேண்டுமென்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, அதில் விலங்கு விஞ்ஞானத்துக்குத் தனித் துறை உண்டு. பேராதனை மிருக வைத்திய பீடம்தான் மனதில் இருக்கிறதென்றால், உனக்கு மூன்றாம் தடவை இன்னும் மிச்சம். முல்லைத்தீவுக்கு மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால் மூன்றாம் தடவை எழுது. விண்ணப்பம் கோரினால் குண்டசாலைக்கும் போடு.

இவ்வளவுக்குப் பிறகும் போவதாக இருந்தால், அந்தக் கல்லூரியின் படிப்பை அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் அங்கீகரித்திருக்கிறதா என்று மாமாவிடம் எழுத்தில் கேள். அது இல்லாவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் உரிமப் பரீட்சைக்கு இருக்கவே முடியாது. 12 மாதம் முடிந்தபின் எந்த விசாவில் தங்குவாய் என்றும் கேள்.

இந்த மாதமே பக்கத்து மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போ. தடுப்பூசி போடும் நாட்களில் கூட வர விடுவார்களா என்று கேட்டுப் பார். சேற்றில் நின்று மாடு பிடிக்கும் வேலை உனக்குச் சரிவருமா என்று ஒரு கிழமையில் தெரிந்துவிடும்.

அப்பா பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வயலில் இறங்கி வேலை செய்கிறவர் அவர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலில் அவரிடம் கொடு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா