கிழிந்த வூஃபர் கோனுக்கு எந்தப் பசை?

வணக்கம். வீடு மாற்றும்போது வூஃபரின் (தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்) காகிதக் கோன், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் புனல் போன்ற பகுதி, இரண்டு அங்குலம் கிழிந்துவிட்டது, சூப்பர் குளூ போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது கண்ணாடி போல இறுகிவிடும். கோன் அதிரும்போது பசையின் ஓரத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

முதலில் கோனின் இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல, சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கரகரவென்று உரசினால் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலில் கோளாறு, பசையால் பயனில்லை.

உரசவில்லையா? சரி, ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, டிஷ்யூ பேப்பரை ஒரே அடுக்காகக் கிழிசலின் பின்பக்கம் ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்த துண்டாக இருக்கட்டும், பிசிறு ஓரம்தான் நன்றாகப் படியும். பசை அதிகமானால் கோன் கனத்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அப்புறம், ஓரத்து ரப்பர் வளையமும் கிழிந்திருந்தால் அங்கே வளைந்துகொடுக்கும் ரப்பர் பசைதான் போட வேண்டும்.