ஏரிக்கரையில் ஒரு ராத்திரி: வாசகர் கேள்வி–பதில்

கூடாரம், ஏரி, காடு என்று வெளியில் தங்குவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த இதழில் பதில். பொங்கல் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்களின் கடிதங்களே அதிகம்.

வடுவூர் ஏரிக்கரையில் ஐந்து நண்பர்கள் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கப் பார்க்கிறோம். யாரும் தடுக்க மாட்டார்கள் என்கிறான் ஒருவன். உண்மையா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

தடுப்பார்கள், தடுக்கவும் வேண்டும். வடுவூர் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே தங்குவதும் தீ மூட்டுவதும் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். இருட்டியபின் அடைந்து கிடக்கும் பறவைகள் மேல் ஒரு டார்ச் வெளிச்சம் பட்டால் கூட்டம் மொத்தமாகக் கிளம்பும். அந்தக் களேபரத்தில் கூட்டிலிருந்து குஞ்சு விழும். விழுந்த குஞ்சைத் தாய் மேலே தூக்கிக்கொண்டு போகாது.

பக்கத்து ஊரில் தெரிந்தவர் தோப்பிலோ களத்திலோ கேட்டுத் தங்குங்கள். இல்லாவிட்டால் மன்னார்குடியிலிருந்தே விடியுமுன் கிளம்பி, ஆறு மணிக்குள் கரைக்கு வந்துவிடலாம். காலையில் வெயில் முதுகில் படும்படி கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் பெரிதாகும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, ஊசிவால் வாத்து எல்லாம் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை கண்ணில் படும்.

போகுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? இது மேட்டூரையும் மழையையும் நம்பியிருக்கும் பாசன ஏரி. தண்ணீர் வராத வருஷம் பறவையும் வராது. சித்திரைக்கு மேல் போனால் மாடு மேய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

நான்கு பேர் கூடாரம் வாங்கி எங்கள் தென்னந்தோப்பில் தங்கினோம். மழையே இல்லை, ஆனால் காலையில் போர்வை, பை, தலையணை எல்லாம் ஈரம். கூடாரம் ஒழுகுகிறதா? கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
– குடும்பத் தலைவர், கும்பகோணம்

கடைக்காரர் மேல் தப்பில்லை. அது நீங்கள் விட்ட மூச்சு. நான்கு பேர் மூடிய கூடாரத்தில் தூங்கினால் விடிவதற்குள் ஒரு லிட்டர் அளவுக்கு ஈரம் மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும். மார்கழி, தை மாதங்களில் வெளித்துணி பனியில் குளிர்ந்து கிடக்கும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டதும் நீராகிச் சொட்டும், சோற்றுப்பானை மூடியைத் திருப்பினால் சொட்டுகிறதே, அதுபோல. சந்தேகமிருந்தால் பகலில் ஆள் இல்லாமல் கூடாரத்தைக் கட்டி, மேலே பூவாளியால் பத்து நிமிஷம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே தையல் ஓரத்தில் சொட்டினால் ஒழுகல். அப்போது தையல்மேல் பூசும் பசை வாங்கித் தடவலாம். சொட்டாவிட்டால் மூச்சுதான்.

வழி: குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடாதீர்கள். வலைக்கதவை மட்டும் மூடி, துணிக்கதவை மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னலும் அப்படியே. காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போனால் பாதி ஈரம் போய்விடும். மேல்விரிப்பு உள்துணியில் ஒட்டாதபடி கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். ராத்திரி பனியில் கயிறு தளரும். படுக்குமுன் ஒரு முறை இழுத்துக் கட்டுவது நல்லது. ஈரத் துண்டை உள்ளே காயப்போடாதீர்கள். இன்னொன்று, ‘நான்கு பேர்’ என்பது தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுத்தால்தான். பையையும் வைத்துக்கொண்டு நால்வர் படுக்க, ஆறு பேர் கூடாரம் வேண்டும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரிதாக இருந்ததா என்றும் பாருங்கள். பெரிய பாய் போட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் பனித்தண்ணீரையும் மழையையும் வாங்கி, நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து தேக்கும். கூடாரத் தரையைவிட நாலாபக்கமும் நான்கு விரல் உள்ளே இருக்கும்படி மடித்துவிடுங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை நம் வண்டல் களிமண்ணுக்கு உதவாது. காய்ந்திருந்தால் வளையும், நனைந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு அடி நீளத்துக்கு மூங்கில் முளை சீவிக்கொள்ளுங்கள். தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடித்தால் கயிறு நழுவாது. வேதாரண்யம் பக்கத்து மணலில் எந்த முளையும் நிற்காது. அங்கே சிறு சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தென்னை மரத்தடியில் கூடாரம் போடாதீர்கள். காற்றே இல்லாத ராத்திரியிலும் நெற்றும் மட்டையும் விழும். தோப்பில் மரமில்லாத திட்டாகப் பார்த்து, ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுங்கள். தேங்காமல் ஓடினால் அதுதான் இடம்.

ஐந்து பேருக்கு ஒரு ராத்திரி, மறுநாள் காலை – சாப்பாடும் தண்ணீரும் எவ்வளவு எடுத்துக்கொள்வது? வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

காய்ச்சினால் கிருமி சாகும்; வயலில் அடித்த பூச்சிமருந்து சாகாது. நடவு வயல்களைத் தொட்டு வரும் தண்ணீருக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு. வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குடிக்க, வாய் கொப்பளிக்க, கொஞ்சம் சமைக்க ஆளுக்கு 4 லிட்டர் என்றால் ஒரு 20 லிட்டர் கேன் சரியாக வரும். பாத்திரம் கழுவ வாய்க்கால் போதும். காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான்.

ராத்திரிக்குக் கட்டுச்சோறுதான் ராஜா. புளியோதரைக்கு அரிசி முக்கால் கிலோ. சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, ஆவி முழுக்க அடங்கின பிறகே புளிக்காய்ச்சலைக் கலந்து கட்டுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடி வியர்த்துத் தண்ணீர் உள்ளே இறங்கும், சோறு சளசளத்து ஊசிப்போகும். பழி புளிமேல் விழும். தயிர்சாதமென்றால் பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும். காலையில் புளிக்காமல் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். காலைக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி இருக்க வேறெதற்கு அலைச்சல்?

காப்பிக்கு அடுப்பு வேண்டுமென்றால் 5 கிலோ சிலிண்டர் அடுப்பு. கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். மழை வந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. நைலான் துணி பற்றினால் எரிவதைவிட உருகி மேலே ஒட்டுவதுதான் ஆபத்து. கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காய்வது அதைவிட மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமே இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொசுவர்த்தியும் வெளியில்தான்.

கூடாரத்தைச் சுற்றிப் பூண்டும் உப்பும் போட்டால் பாம்பு வராது என்கிறார்களே?
– ஆசிரியை, திருவாரூர்

வரும். பூண்டைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் வெளியில் படுப்பவர்கள் அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில்தான் திரியும், தரையில் படுத்திருப்பவர் பக்கம் வந்து ஒதுங்கும். கடித்தால் பலருக்கு வலிக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலி, கண் இமை சரிவது, எச்சில் விழுங்க முடியாமை என்று ஆரம்பித்தால், ‘ராத்திரி சாப்பாடு ஒத்துக்கவில்லை’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

கூடாரத்தின் பெரிய லாபமே தைத்த தரையும் ஜிப் கதவும்தான். போகும்போதும் வரும்போதும் அடிவரை இழுத்து மூடுங்கள். செருப்பு, ஷூ உள்ளே இருக்கட்டும். வைக்கோல் போர், விறகுக் குவியல், எலிவளை உள்ள வரப்பு இவற்றை விட்டு விலகிப் போடுங்கள். கோடையில் வறண்ட ஏரிக்குள் கூடாரம் போடும் ஆசையும் வேண்டாம். அந்த வெடிப்புகள் எல்லாம் ஒரு உயிரின் வீடு.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், மெட்டி, கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அரசு மருத்துவமனைக்கே போங்கள்.

கோடியக்கரையில் தங்க வசதி உண்டா? எப்போது போகலாம்?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேதாரண்யம். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், சொந்தக் கூடாரத்துக்கு இடமில்லை. பூநாரைக்கு மார்கழி, தை. வெளிமானை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் புல்வெளியில் பார்க்கலாம். சதுப்பில் காய்ந்தது போல் மேலோடு தெரியும், காலை வைத்தால் முழங்கால்வரை சேறு. ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை ஏறியது இந்தப் பக்கம்தான்.

மகன் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறான். ஜூலையில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்கலாம் என்கிறான். எனக்கு 66, மனைவிக்கு 61. சரிப்படுமா?
– ஓய்வுபெற்ற அலுவலர், பாபநாசம்

சரிப்படும், இங்கே தங்குவதைவிடச் சுலபமாகவே. அங்கே மாநிலப் பூங்காக்களில் கூடாரத்துக்கென்று எண் போட்ட தளம், மேஜை பெஞ்சு, தீ மூட்ட இரும்பு வளையம், பெரும்பாலான இடங்களில் வெந்நீரோடு குளியலறை உண்டு. மகனிடம் முதலில் கேட்க வேண்டியது, பதிவு செய்துவிட்டானா என்பது. ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கும். ஜூலை 4 விடுமுறைக்கு ஜனவரி 4 காலையிலேயே உட்கார வேண்டும். உங்கள் வயதுக்கு, கட்டில் போட்ட சிறு மரக்குடில் கிடைக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே பதிவு உண்டு. படுக்கை விரிப்பு நாம்தான் கொண்டுபோக வேண்டும். காருக்கு நுழைவு அனுமதிக் கட்டணம் தனி.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். 2002-ல் அந்த மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மரத்துளைப்பான் வண்டு ஒன்று விறகோடு பயணம் செய்தே ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்திருக்கிறது. பூங்கா வாசலிலேயே விறகு வாங்கலாம். ராத்திரி 10 முதல் காலை 8 வரை சத்தம் கூடாது. ஜூலையில் சூரியன் மறையவே ஒன்பதரை ஆகும் என்பதால் அரட்டைக்கு நேரம் குறைவு. சாப்பாட்டு மூட்டையைக் காருக்குள் பூட்டுங்கள். ரக்கூன் என்ற பிராணி டப்பா மூடியைத் திறக்கும். மிச்சிகன் ஏரி பார்வைக்கு ஏரி, அலையில் கடல். இரட்டைச் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் தண்ணீரில் இறங்கவே தடை. ஜூலையானாலும் ராத்திரி குளிரும். ஸ்வெட்டரும் காதுக்கு மப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் நடந்து வந்தால் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் ராத்திரியே ஆற்றுப் படுகையில் கூடாரம் போட்டால் காலையில் நல்ல இடம் கிடைக்குமே?
– திருவையாறு

இடம் கிடைக்கும், தண்ணீரும் வரும். மேட்டூரில் திறந்தது நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், அங்கே எந்த ஆற்றில் எவ்வளவு விடுவார்கள் என்பது அன்றன்றைக்கு மாறும். ராத்திரி ஷட்டரை ஏற்றினால் உங்களை எழுப்பிச் சொல்ல ஆள் வராது. படுகையில் வேண்டாம், கரைக்கு மேலே போடுங்கள். முதல்நாள் சாயங்காலம் மதகைத் திறந்து மூடும் உங்கள் பகுதி லஸ்கரைப் பார்த்து, ‘ராத்திரி தண்ணீர் கூடுமா?’ என்று கேளுங்கள்.

வீராணம் 47.5 அடி நிரம்பியது என்று பேப்பரில் போடுகிறார்கள். அவ்வளவு ஆழத்தில் நீந்தலாமா?
– சிதம்பரம்

அது ஆழமல்ல, கடல் மட்டத்தை வைத்துச் சொல்லும் உயரம். தண்ணீர் அதில் சிறு பங்குதான். அதற்காக இறங்கிவிட வேண்டாம். கரைக் கல் பாசியில் வழுக்கும், மதகுப் பக்கம் இழுப்பு இருக்கும், கொடி காலைச் சுற்றும். சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் வேறு. குளிக்க ஆசை என்றால் வழியில் எந்த வயலிலும் பம்புசெட்டு ஓடும். கேட்டுவிட்டுக் குளியுங்கள், சோப்பு நுரை மட்டும் வாய்க்காலில் போகாமல்.