சரிவும் மரங்களும் உள்ள நிலத்துக்கு எந்தப் புல்வெட்டும் வண்டி?

ஒன்றரை ஏக்கர் வீட்டு நிலம், நிறைய மரங்கள், ஒரு பக்கம் சரிவு. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சரிவை அளந்துவிடுங்கள், குதிரைத்திறன் எல்லாம் அப்புறம். கிடைமட்டமாக 10 அடிக்குச் சுமார் 2.7 அடி ஏறினால் அது 15 டிகிரி. அதற்கு மேல் சரிந்த இடத்தில் வண்டியை ஏற்றவே வேண்டாம்.

மரங்களைச் சுற்றி வெட்ட ஜீரோ டர்ன் வண்டிதான் சுகம். பின்சக்கரங்கள் தனித்தனியே சுழல்வதால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் நெம்புகோலில் ஓடும் வகைகளில் முன்சக்கரங்கள் சும்மா உருள்பவை. ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கிவிட்டால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அதனால் உங்களுக்கு ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டரையே சொல்வேன். மரத்தடியில் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், பரவாயில்லை. சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம்.

அதிலும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை (எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டுவது) என்றால் கியர் மாற்றும் வேலையே இல்லை. வெட்டும் அகலம் 42 அங்குலம் போதும். வாங்குவதற்கு முன் வண்டி நுழைய வேண்டிய கேட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வெட்டிய புல்லைத் தள்ளும் பக்கவாட்டு மூடி அந்த 42-க்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.