ஸ்லைம் மோல்டு கோட்டில் ஓடவில்லை, ஓட்ஸில் பூசணம்: பதில்

ஓட்ஸை முகவடிவில் அடுக்கியும் பைசாரம் (உணவைத் தேடி மஞ்சள் நரம்புகளாக ஊரும் ஒற்றைச்செல் ஸ்லைம் மோல்டு) அந்தக் கோட்டில் ஓடாமல் தட்டு முழுக்கப் பரவியது, மூன்றாம் நாளே பச்சைப் பூசணம் வந்தது என்கிறீர்கள். இரண்டுக்கும் முக்கியக் காரணம் அகரில் (தட்டில் ஊற்றி உறையவிடும் கடற்பாசி ஜெல்லி) நீங்கள் கலந்த சர்க்கரை. எங்கும் உணவு கிடைத்தால் அது நரம்பாக ஒடுங்காது, ஜமுக்காளம் விரித்ததுபோல் படரும். பூசணத்துக்கும் அது விருந்து.

100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் வெறும் அகர் போதும். கொதித்தபின் 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும்.

ஓட்ஸைக் கோடாக அடுக்காதீர்கள். கோடு திரும்பும் இடங்களில் மட்டும் ஒவ்வொன்று, 2–3 செ.மீ. இடைவெளியில். இணைப்பது அதன் வேலை. ஆனால் குறுக்குவழி தேடும் குணம் அதற்கு உண்டு (2010இல் வெளியான ஆய்வில் டோக்கியோ ரயில் பாதையை ஒத்த வலையைப் பின்னியது இதுதான்). ஆகவே மூக்கு, உதடு போன்ற வளைவுகளுக்கு ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வடிவத்தை வெட்டியெடுத்து, மீதி ஷீட்டை அகர்மேல் படிய வையுங்கள். காய்ந்த பிளாஸ்டிக்கில் ஏற அது தயங்கும். நீர்த்துளி இருந்தால் தாண்டிவிடும்.

பழைய தட்டை எறியவேண்டாம். பூசணத்தைச் சுரண்டவும் வேண்டாம், வித்துகள் பறக்கும். அதிலிருந்து தள்ளி, முன்னேறும் மஞ்சள் விளிம்பை 1 செ.மீ. அகரோடு வெட்டிப் புதுத் தட்டில் வையுங்கள். பூசணம் மறுபடி எட்டிப்பார்த்தால் இன்னொருமுறை மாற்றுங்கள்.

தட்டை 20–25 டிகிரியில், இருட்டில் வையுங்கள். ஃபிளாஷ் படமெடுக்கும் நொடிக்கு மட்டும். பட்டினியோடு தொடர் வெளிச்சமும் சேர்ந்தால் வித்துக்கூடாக மாறி, வளர்வதை நிறுத்திவிடும்.