உல்மில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு: அந்தத் தாளில் இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம்

நீங்கள் கேட்டது இது: ஜெர்மனியில், உல்மில் உள்ள ஒரு பன்னாட்டு இயந்திர உற்பத்தி நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் கணினிக் கட்டுப்பாடு) படிப்புக்குக் கம்பெனியே பணம் கட்டுகிறது, ஆனால் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. ஆண்டுக்கு ஐந்து நாள் படிப்பு விடுப்பு உண்டென்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். கம்பெனி டாக்டரிடம் முதுகுவலியைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமா?

மூன்றில் அவசரமானது அந்தத் தாள்தான் தம்பி. அதில் 'ரூக்சாலுங்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். படிப்பு முடிந்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அது. தப்பில்லை, இங்கே வழக்கம்தான். ஆனால் எவ்வளவு காலம் கட்டிப்போடலாம் என்பதற்கு மத்தியத் தொழிலாளர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் ஒரு கணக்கு உண்டு. சம்பளத்தோடு விடுவிக்கப்பட்டுப் படித்த நாட்கள் ஒரு மாதம் வரை என்றால் ஆறு மாதம், இரண்டு மாதம் வரை என்றால் ஓராண்டு, மூன்று நான்கு மாதம் என்றால் இரண்டு ஆண்டு. வகுப்பு விட்டுவிட்டு நடந்தால் படித்த நாட்களை மட்டும் கூட்டுங்கள், தொடக்கத்திலிருந்து முடிவு வரையுள்ள காலத்தை அல்ல. இரண்டு வாரப் படிப்புக்கு இரண்டு ஆண்டு என்று எழுதியிருந்தால் அது செல்லுபடியாவது கடினம். கம்பெனி அச்சடித்து எல்லாருக்கும் நீட்டும் தாளில் காலம் மிஞ்சிப் போனால், பொதுவாக நீதிமன்றம் அதைக் குறைத்துக் கொடுப்பதில்லை, நிபந்தனையையே தள்ளிவிடும்.

இன்னும் மூன்றைப் பாருங்கள். திருப்ப வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா? கட்டணம், பயணம், தங்கும் செலவு தனித்தனியாக எழுதியிருக்கிறதா? "எந்தக் காரணத்துக்காக விலகினாலும்" என்று இருக்கிறதா? கம்பெனியின் தவறால் நீங்கள் விலக நேர்ந்தாலும் பணம் கேட்கும் வாசகம் நிற்காது. புது மெஷினைப் பழக்கிக் கொடுப்பதற்குப் பணம் திருப்பிக் கேட்க முடியாது. சட்டப்படி கம்பெனியே தர வேண்டிய பயிற்சிக்கு 2022 ஆகஸ்ட் முதல் உங்களிடம் செலவைத் தள்ளவும் கூடாது. தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிறகு தருகிறேன் என்று சொல்வது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. முதலில் பெட்ரீப்ஸ்ராட்டிடம், அதாவது ஊழியர் குழுவிடம், காட்டுங்கள். ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகி மூன்று மாதம் ஆனவர்களுக்குச் சட்ட உதவியும் கிடைக்கும்.

ஐந்து நாள் விடுப்பு உண்மைதான். பெயர் பில்டுங்ஸ்சைட். உல்ம் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2015 ஜூலை முதல் சட்டமாக இருக்கிறது. ஆனால் வேலையில் 12 மாதம் முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. அது கம்பெனி மனமிரங்கித் தருவதல்ல, உங்கள் உரிமை. சம்பளம் வரும், வகுப்புக் கட்டணம் உங்களுடையது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் படிப்பாக, நாளுக்குச் சராசரி ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு ஒன்பது வாரம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பலருக்கும் தவறுவது இந்தத் தேதிதான். வீடு பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நொய்-உல்ம் பவேரியா மாநிலம், அங்கே இந்தச் சட்டமே கிடையாது. ஆனால் கணக்குக்கு வருவது வேலை இடம். அக்கரையில் குடியிருந்து உல்மில் வேலை செய்தால் விடுப்பு உண்டு, அக்கரைக் கிளைக்கு மாற்றிவிட்டால் போய்விடும்.

முதுகுவலி என்றீர்களே, யோகா வகுப்பு, முதுகுப் பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சான்று பெற்ற வகுப்புக்குக் கம்பெனி ஆண்டுக்கு 600 யூரோ வரை வரியில்லாமல் செலவழிக்கலாம். ஜிம் சந்தா அதில் சேராது. உங்கள் கிராங்கன்காஸையும், அதாவது மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தையும், கேளுங்கள், அவர்களும் இத்தகைய வகுப்புக்குப் பெரும்பகுதியைத் திருப்பித் தருவார்கள். வருகைச் சான்றிதழை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கம்பெனி டாக்டருக்கு வருவோம். நீங்கள் சொல்வதை அவர் நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது. ஆனால் அழைப்புக் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ஃபோர்சோர்க' என்றால் முன்தடுப்புப் பரிசோதனை: எப்போது, எதற்காக வந்தீர்கள், அடுத்தது எப்போது என்பது மட்டுமே கம்பெனிக்குப் போகும். 'ஐக்னுங்' என்றால் தகுதிப் பரிசோதனை: அந்த வேலைக்குத் தகுதியா இல்லையா என்ற முடிவும் போகும். முதுகுவலியை முதல் வகையில் தாராளமாகச் சொல்லலாம், மேசையின் உயரம் மாறக்கூட வழியுண்டு. சத்தமான பகுதியில் நின்றால், 80 டெசிபலைத் தாண்டினால் காதுக் கவசம் தரவும் பரிசோதனைக்கு வாய்ப்பளிக்கவும் வேண்டும்; 85-ஐ எட்டினால் கவசம் அணிவதும் பரிசோதனைக்குப் போவதும் கட்டாயம்.

வலி முற்றி லீவு எடுத்தால், ஷிஃப்ட் தொடங்கும் முன் தகவல் சொல்லுங்கள். டாக்டர் சான்று இப்போது மின்னணுவில் போகிறது என்பதால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். முதல் ஆறு வாரம் முழுச் சம்பளம் வரும், பிறகு கிராங்கன்காஸ் மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காடு தரும், ஆனால் கைக்கு வரும் சம்பளத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டாது. பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல் விடுப்பு ஆனால், 'பெ-எ-எம்' என்ற கடிதம் வரும். நோய்க்குப் பிறகு நீங்கள் வேலையில் தொடர என்ன மாற்றம் செய்யலாம் என்று பேச அழைக்கும் கடிதம் அது. மிரட்டல் என்று நினைத்துக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. போவது உங்கள் விருப்பம், நோயின் பெயரைச் சொல்லவும் வேண்டாம், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போகலாம். போகாததற்குத் தண்டனை கிடையாது. ஆனால் பின்னாளில் நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்கினால், "கம்பெனி எனக்கு வேறு வழி ஏதும் தேடிப் பார்க்கவில்லை" என்று வாதாடும் பிடி அந்தக் கடிதத்தை மறுத்த நாளிலேயே தளர்ந்திருக்கும்.